மாமியார் முன்னால் சாப்பிடாதவர்கள்

மணி ஒன்று ஆனதும் முசெம்பி இடது கட்டைவிரலால் சாப்பாட்டு பட்டனை அமுக்கினான். வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. லாரி காங்குண்டோ சாலையில் கயோலே குடியிருப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பொருத்தியிருந்த பெட்டியின் திரையில் ஒரு தட்டும் கரண்டியும் வந்து நின்றன. அதன் கீழே, 'நன்றாகச் சாப்பிடுங்கள்'.

"ஆச்சு, சாப்ட்டாச்சு," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன் சிமியு. "வயிறு முட்டிப் போச்சுண்ணே. இந்தா ஏப்பம்." பொய்யாக ஒரு ஏப்பம் விட்டான்.

"பல்லு குத்த குச்சி வேணுமா?"

"கறி இருந்தாத்தானே குச்சி. இவ வெறுந்தட்டத்தானே காட்டுறா."

அந்தப் பெட்டிக்கு மாமியார் என்று பேர் வைத்ததும் சிமியுதான். அவன் புங்கோமா பக்கத்து ஆள். அவன் ஊரில் மாமியார் முன்னால் மருமகன் சாப்பிடக் கூடாது. அவள் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஒதுங்கிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் இந்தப் பெட்டியை லாரியில் பொருத்தியபோது சிமியு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இனிமே சோறு கெடையாதுண்ணே. மாமியார வண்டியிலயே கொண்டாந்து உக்கார வெச்சுட்டானுங்க," என்றான். டிப்போவின் முப்பத்தொரு லாரிக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

காலையில் லாரி டிப்போ கேட்டைத் தாண்டியதும் மாமியாரின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நாற்பத்திரண்டு கடைக்கு சோடா இறக்க வேண்டும். ஒரு கடைக்கு இத்தனை நிமிஷம் என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவன் எவனோ, மழைநாளில் கயோலே சந்துக்குள் ஏழு டன் லாரியைப் பின்னால் எடுத்தவன் இல்லை. நேரம் தீர்ந்தும் கடை பாக்கி இருந்தால் திரை சிவக்கும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூன்றாவது கடிதத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் சாப்பாட்டு பட்டனை அமுக்கினால் கடிகாரம் ஒரு மணி நேரம் நிற்கும். அந்த ஒரு மணி நேரம் மாமியார் கண்ணை மூடிக்கொள்வாள். லாரி எங்கே நின்றது, எங்கே போனது என்று எதையும் பதிய மாட்டாள். அது தொழிலாளியின் சொந்த நேரம் என்று கம்பெனி சொன்னது. அந்தச் சொந்த நேரத்தில்தான் எல்லாரும் ஏழு கடைகளுக்கு இறக்குவார்கள். இரண்டு மணிக்கு அவள் கண் விழித்ததும் ஏழு கடையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்துவிடுவார்கள். இதை யாரும் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று அடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் பட்டன் விழவில்லை என்றால் டிப்போவிலிருந்து முரேய்தி போன் போடுவான். அவன்தான் லாரிகளை அனுப்பும் மேலாளர். முப்பத்தொரு வயசு, கழுத்தில் அட்டை தொங்கும். "என்ன பெரியவரே, மாமியாருக்குச் சோறு போட்டாச்சா?" என்பான். வேறு ஒன்றும் சொல்ல மாட்டான்.

முசெம்பிக்கு நாற்பத்தொன்பது வயசு. இந்தக் கம்பெனியில் பதினேழு வருஷம். வயிற்றில் புண். மத்தியானம் ஆனால் நெஞ்சுக்குக் கீழே யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருக்கும். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்கும். ஒண்ணுக்குப் போக நேரம் இல்லாமல் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் வைத்திருந்தான். பதினைந்து வருஷம் முடித்த அன்று கம்பெனி அவனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. நேரமே இல்லாதவனுக்குக் கடிகாரம். டிப்போ கேட்டில் ஓட்டப்பந்தய வீரன் ஒருவன் ஓடுகிற பெரிய படம் மாட்டி, 'எங்கள் ஓட்டுநர்கள் நெடுந்தூரம் ஓடுபவர்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஓடுகிறவனுக்கு வழியில் தண்ணீராவது கொடுப்பார்கள்.

அன்று திங்கட்கிழமை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஒன்று இருபதுக்கு ஒகோத்தின் அம்மா கடை முன்னால் லாரி நின்றது. சரிவான இடம், செம்மண் வழுக்கியது. சிமியு வழக்கமாக இரண்டு பாட்டில் கிரேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போவான்.

"மூணா எடுத்துடு சிமியு. நாப்பது நிமிஷம்தான் இருக்கு, அஞ்சு கடை பாக்கி," என்றான் முசெம்பி.

"கால் நடுங்குதுண்ணே. காலைல குடிச்ச டீயும் ஒரு மந்தாசிப் பணியாரமும்தான் உள்ள கெடக்கு."

"ரெண்டு மணிக்கு மேல சப்பாத்தியும் பீன்சும் வாங்கித் தரேன்டா. எடு."

"பீன்சு ரெண்டு கரண்டி."

"மூணு கரண்டி. எடுடா!"

சிமியு எடுத்தான். நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் வலது கால் மண்ணோடு வழுக்கியது. எழுபத்திரண்டு கண்ணாடி பாட்டிலும் அவன் கால் மேலேயே வந்து விழுந்தன. கணுக்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. குதிகாலுக்கு மேல் நரம்பைக் கண்ணாடி அறுத்திருந்தது. சிவப்புச் சோடாவும் ரத்தமும் சேர்ந்து சாக்கடைப் பக்கம் ஓடின. எது எது என்று தெரியவில்லை. ஒகோத்தின் அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். முசெம்பி காலைக் கட்டி, அவனைத் தூக்கி லாரியில் போட்டு, ஹாரன் அடித்தபடியே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

வழியில் முரேய்திக்குப் போன் போட்டான்.

"எத்தன பாட்டில் போச்சு?" என்றான் முரேய்தி.

"கால் போச்சு சார்! சிமியு கால்!"

"இருங்க, இருங்க. ஒரு நிமிஷம்." கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "மாமியார் லஞ்ச்னு காட்டுறாளே."

அவன் குரலில் ஒரு நிம்மதி வந்தது. முசெம்பி அதைக் காதில் வாங்கினான். என்ன நிம்மதி என்று அப்போது பிடிபடவில்லை.

புதன்கிழமை பிடிபட்டது. மாடியில் ஏசி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களைப் பார்த்துக்கொள்கிற மேடமும் முரேய்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தன. முசெம்பி காகிதத்தை எடுத்து வாய் அசைத்து வாசித்தான். விபத்து நடந்த நேரத்தில் நானும் லோடுமேனும் உணவு இடைவேளையில் இருந்தோம். வேலை எதுவும் நடக்கவில்லை. அவர் தன் சொந்த விருப்பத்தில் கிரேட்டுகளை எடுத்தார்.

"சொந்த விருப்பமா? பசியோட நிக்கறவன் ஆசைப்பட்டு எழுவது கிலோவத் தூக்குவானா மேடம்?"

"நாங்க சொல்லலங்க. பெட்டி சொல்லுது," என்றாள் மேடம். "ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் நீங்க லஞ்ச். லஞ்ச்ல அடிபட்டா அது வேலையில அடிபட்டதா ஆகாது."

"நாங்க லஞ்ச்ல இல்ல."

"அப்ப ஏன் பட்டன அமுக்கினீங்க?"

முசெம்பி முரேய்தியைப் பார்த்தான். முரேய்தி தன் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்களே சொல்லுங்க. தெனம் ஒரு மணிக்கு போன் போட்டுக் கேப்பீங்களே."

"மாமியாருக்குச் சோறு போட்டாச்சான்னு கேப்பேன். சாப்ட்டீங்களான்னு விசாரிக்கறது தப்பா பெரியவரே?"

மேடம் இன்னொரு காகிதத்தைத் தள்ளினாள். ஜனவரியில் ஒரு டாக்டரைக் கூட்டி வந்து, வேலையில் பல வருஷம் நீடித்து நிற்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், முதுகை வளைக்காமல் தூக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டை ஒரு நாளும் விடக் கூடாது என்று அவர் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் முசெம்பியின் கையெழுத்தும் இருந்தது.

"சாப்பாட்ட விடக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

கோபம் முசெம்பிக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து ஏறி வந்தது. "மேடம், ஒண்ணு கேக்கறேன். தெனம் ரெண்டு மணியிலேர்ந்து ரெண்டு ஏழுக்குள்ள நான் ஏழு கடைக்கு லோடு எறக்கினேன்னு உங்க பெட்டி சொல்லுதா இல்லியா? ஆறு வருஷமா சொல்லுது. நிமிஷத்துக்கு ஒரு கடை. முப்பத்தோரு வண்டியும் அப்படித்தான். அத நம்பினீங்களா? இல்ல, எங்களுக்கெல்லாம் றெக்கை மொளச்சிருக்குன்னு நெனச்சீங்களா?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, "அது வேற விஷயம்," என்றாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றான் முரேய்தி. குரலைத் தாழ்த்தினான். "கையெழுத்துப் போட்டா நீங்க பாட்டுக்கு வண்டி ஓட்டலாம். போடலேன்னா, ஆறு வருஷமா பொய் பட்டன் அமுக்கினேன்னு நீங்களே சொல்றதா ஆகும். அதுக்கு ஒரே நாள்ல சீட்டைக் கிழிப்பாங்க. அம்பது வயசுல, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு, எவன் வண்டி தருவான்? வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் டைம்."

அன்று மாலை முசெம்பி சிமியுவைப் பார்க்கப் போனான். முகுரு குடிசைப் பகுதியில் தகரம் அடித்த ஒற்றை அறை. சிமியு கட்டிலில் கிடந்தான். கால் மாவுக்கட்டோடு தலையணை மேல் இருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பை மட்டும் சேர்த்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். நரம்பைத் தைக்க இரண்டாவது ஆபரேஷன் வேண்டும். மூன்று வாரத்துக்குள் செய்யாவிட்டால் பாதம் பலகை மாதிரி நின்றுவிடும் என்றார்கள். அதற்கு, வேலையில் அடிபட்டது என்று கம்பெனி ஒரு படிவம் கொடுக்க வேண்டும். கம்பெனி கொடுக்கவில்லை.

சிமியுவின் மனைவி நெகேசா உகாலிக் களியும் சுகுமா கீரையும் தட்டில் போட்டு முசெம்பி முன்னால் டக்கென்று வைத்தாள். "சாப்பிடுங்க. இங்க உங்க மாமியார் இல்ல."

"வேணாம்மா."

"ஏன், வேலையில அடுத்தவன பட்டினி போட்டது போதாதா? உங்களையும் போட்டுக்குவீங்களா? பட்டன அமுக்கினது யாரு? உங்க கைதானே? மூணா எடுன்னு சொன்னது யாரு? உங்க வாய்தானே?"

"நெகேசா, விடு," என்றான் சிமியு.

"எத விடறது? ஒரு படி கூட ஏற முடியாத காலோட நீ என்ன தூக்குவ? என்னையா?"

முசெம்பி தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதனால்தான் அவள் மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபம் வந்ததற்காகத் தன் மேலேயே இன்னும் கோபம் வந்தது.

காகிதத்தைப் பற்றிச் சொன்னான். சிமியு கேட்டுக்கொண்டே தகரக் கூரையைப் பார்த்தான். அவன் சிரிக்க வைப்பான் என்று முசெம்பி காத்திருந்தான். ஒன்பது வருஷமாக எந்தக் கஷ்டத்திலும் அவன் ஒரு பேச்சுப் பேசிச் சிரிக்க வைத்திருக்கிறான்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணே," என்றான் சிமியு. "உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. போடுங்க. ஆனா போட்டுட்டு இந்த வாசலுக்கு வந்துறாதீங்க. வழியில என்னப் பாத்தா சோளக்காட்டுக்குள்ள ஒதுங்கிப் போயிருங்க."

தட்டில் உகாலி ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை முசெம்பி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் லாரியை எடுத்தான். போடலாமா வேண்டாமா என்று அவனுக்கே தெரியாது. கடைக்குக் கடை மனசு மாறியது. பக்கத்தில் புது லோடுமேன் உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்து மூன்று நாள் ஆன பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

ஒரு மணிக்கு லாரி ஒகோத்தின் அம்மா கடைக்கு வந்து சேர்ந்தது. சாக்கடை ஓரத்தில் கண்ணாடித் தூள் இன்னும் மினுங்கியது. முசெம்பியின் கட்டைவிரல் தானாக எழுந்து பட்டன் பக்கம் போனது. அவன் சொல்லாமலே போனது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இந்த விரல் யாருடையது? பதினேழு வருஷத்தில் அவன் வயிற்றையும் முட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். விரலையும் எடுத்துக்கொண்டார்களா?

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

"அண்ணே, பட்டன்," என்றான் புது ஆள்.

"எறங்கு. சாப்பிடலாம்."

"மெய்யாவா?"

எதிர்க் கொட்டகையில் இரண்டு தட்டு சப்பாத்தியும் பீன்சும் வாங்கினான். புது ஆள் கொட்டகையிலேயே உட்கார்ந்துகொண்டான். முசெம்பி தன் தட்டை எடுத்துக்கொண்டு லாரிக்கு வந்தான். கதவைத் திறந்து சீட்டில் ஏறி, மாமியாருக்கு நேர் எதிரே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். திரை மஞ்சளானது. 'ஏன் நிற்கிறீர்கள்?' என்று கேட்டது. அப்புறம் சிவந்தது. அப்புறம் கீங் கீங் என்று கத்தியது. முசெம்பி சப்பாத்தியைப் பிய்த்து பீன்சில் தோய்த்தான். "கத்துடி," என்றான். "நல்லாக் கத்து."

போன் அடித்தது. முரேய்தி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. ஐந்தாவது முறை அடித்து ஓய்ந்த பிறகு, முப்பத்தொரு ஓட்டுநர்களும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் முரேய்தியின் குரல் வந்து விழுந்தது. ஆறு வருஷமாக எழுத்தில் ஒரு வார்த்தை தராத ஆள், கோபத்தில் குரலை அனுப்பிவிட்டான்.

"யோவ் முசெம்பி! நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி என்னய்யா திங்கற? மாமியாருக்குச் சோறு போட்டுட்டு வண்டிய எடுய்யா! பட்டன அமுக்கு, கடைக்கு எறக்கு. ஆறு வருஷமா எல்லாரும் அதத்தானே பண்றானுங்க, உனக்கு மட்டும் என்ன கேடு? எல்லாரும் கேட்டுக்குங்க. அமுக்கிட்டு ஓட்டறவன் ஓட்டலாம். நின்னு திங்கறவன் நாளைக்கு டிப்போ பக்கம் வர வேண்டாம்!"

முசெம்பி ஒரு முறை கேட்டான். தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்கப் போனபோது அது அங்கே இல்லை. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

அன்று முப்பத்து மூன்று கடைதான் முடிந்தது. டிப்போ வாசலில் லாரி நிற்கும் முன்பே ஓச்சோலா ஓடி வந்தான். அவனும் பன்னிரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவன், வாய் நீளம்.

"ஏன்யா, உனக்குப் பசிச்சா எங்க எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடுவியா? அந்தப் பட்டன எடுத்துட்டாங்கன்னா தெனம் ராத்திரி எட்டு வரைக்கும் ஓட்டணும், தெரியுமா? எனக்கு மட்டும் பசிக்காதா? எனக்கென்ன வயித்துல செமெண்டா பூசியிருக்கு?"

"உன் லோடுமேன் விழுந்தாலும் இதே பேச்சுத்தான் பேசுவியா?"

"எவன் விழுந்தா எனக்கென்ன!" என்று கத்திவிட்டு ஓச்சோலா டயரை உதைத்தான். உதைத்த கால் வலித்தது போலிருக்கிறது, நொண்டிக்கொண்டே போனான்.

மாடியில் முசெம்பி காகிதத்தை மேஜையில் விரித்தான். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. பின்பக்கத்தில் அவன் பென்சிலால் எழுதியிருந்தான். மணி ஒன்று இருபது. நாங்கள் வேலையில் இருந்தோம். பட்டனை அமுக்கியது நான். மூன்று கிரேட் எடு என்று சொன்னதும் நான். சொல்ல வைத்தது நீங்கள்.

முரேய்தி அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "பொய் பட்டன் அமுக்கினேன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி பெரியவரே. சாவி."

"உங்க குரல் முப்பத்தோரு போன்ல வந்துச்சு சார்."

"எந்தக் குரல்? எங்க, காட்டுங்க பார்ப்போம்."

காட்ட எதுவும் இல்லை. முசெம்பி லாரிச் சாவியை மேஜையில் வைத்தான். கைக்குப் பழகிய சாவி. வெறும் கையோடு படி இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் முட்டி வலித்தது. ஓடுகிறவன் படத்துக்குக் கீழே நின்று அதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தான். உயரத்தில் இருந்தது.

மட்டாட்டு வேன் நிறுத்தத்தில் நின்றபோது யாரோ தோளில் இடித்தார்கள். ஓச்சோலா. முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துப் பேசினான்.

"அந்தாளு பேசினத என் வீட்டுக்காரிக்கு அனுப்பி வெச்சேன். வந்தவொடனேயே. பாருடி, நீ என்னைத் திட்டறதெல்லாம் ஒரு திட்டே இல்லன்னு காட்டறதுக்கு." போனில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். முசெம்பியின் பையில் போன் சிணுங்கியது. "அவன் குரூப்புல அழிச்சான். எம்பொண்டாட்டி போன்ல எப்படி அழிப்பான்?"

"ஓச்சோலா..."

"எம் பேர நீ சொன்னன்னு தெரிஞ்சா, உன் இன்னொரு முட்டியையும் நானே ஒடைப்பேன்." வந்த மட்டாட்டில் தொற்றிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. முசெம்பி ஒரு பக்கமும் நெகேசா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, சிமியு ஊன்றுகோலோடு வந்தான். கையெழுத்துப் போடவில்லை என்று முசெம்பி முந்தின நாளே போய்ச் சொல்லியிருந்தான். வரிசை நகர்ந்து நகர்ந்து அவர்கள் முறை வந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மணி ஒண்ணு. லஞ்ச். ரெண்டு மணிக்கு வாங்க." ஜன்னலைச் சாத்தினார்.

முசெம்பி சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். அதைக் குத்த வேண்டும் போலிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிமியு சிரித்துக்கொண்டிருந்தான். ஊன்றுகோல் நடுங்க நடுங்கச் சிரித்தான்.

"பாத்தீங்களாண்ணே? இந்தாளுக்கு மட்டும் மாமியார் செத்துப் போயிட்டா போல."

நெகேசா இருவரையும் முறைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து பெஞ்சில் வைத்தாள். கிதேரி. சோளமும் பீன்சும் வெந்த வாசனை. ஒரே கரண்டிதான் இருந்தது. மாறி மாறிச் சாப்பிட்டார்கள். முதல் கரண்டியை அவள் முசெம்பியிடம்தான் நீட்டினாள். ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

சாப்பிட்டு முடிக்க இருபது நிமிஷம்தான் ஆனது. மீதி நாற்பது நிமிஷம் என்ன செய்வது என்று முசெம்பிக்குத் தெரியவில்லை. வெயிலைப் பார்த்தான். சும்மா உட்கார்ந்தான். இத்தனை பெரிய ஒரு மணி நேரத்தையா தினமும் எடுத்துக்கொண்டார்கள்? ஆறு வருஷம், நாள் தவறாமல்? கோபம் தணியவில்லை. உட்கார உட்கார, சோற்றோடு சேர்ந்து அதுவும் உடம்பில் நன்றாக இறங்கியது.

இரண்டு மணிக்கு ஜன்னல் திறந்தது. அதிகாரி பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டே சிமியுவின் காகிதங்களையும் கம்பெனியின் கடிதத்தையும் புரட்டினார்.

"அடிபட்டது மணி ஒண்ணு இருபது. கம்பெனி பதிவுல லஞ்ச்னு இருக்கே. நீங்கதான் டிரைவரா? அந்த நேரத்துல ரெண்டு பேரும் லஞ்ச்லதானே இருந்தீங்க?"

"இல்ல சார்," என்றான் முசெம்பி. போனை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தான். சத்தத்தை முழுசாகக் கூட்டினான். "ஆறு வருஷத்துல வேலை நாள்ல நான் சாப்ட்ட ரெண்டாவது லஞ்ச், இதோ இந்த பெஞ்சுல. மொதலாவத சாப்ட்டதுக்கு என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு, எழுதுங்க."

விரலால் தொட்டான். முரேய்தியின் குரல் கூடம் முழுக்க இரைந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். அதிகாரி வாயிலிருந்த குச்சியை எடுத்தார். மறுபடி ஒரு முறை போடச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, "பேர் சொல்லுங்க," என்றார்.